விக்கிப்பீடியாவின் புதிய தோற்றம்: தமிழ் எழுத்தை வைத்து ஒரு மதிப்பீடு

‘பதினெண்கீழ்க்கணக்கு’ என்ற சொல்லில் இரண்டுசுழி ‘ன’வும் மூன்றுசுழி ‘ண’வும் அடுத்தடுத்து நிற்கின்றன. இச்சொல்லை 14 பிக்சல் அளவில் தடித்த எழுத்தாகக் கணினித் திரையில் இட்டுப் பார்த்தால், சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு இரண்டு எழுத்துகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். சொல்லை முன்பே அறிந்தவர் தடுமாறாமல் படித்துவிடுவார். முதன்முறையாகப் பார்க்கும் பள்ளி மாணவர் எந்த எழுத்து எங்கே வருகிறது என்று அறிய முடியாமல் திகைப்பார். விக்கிப்பீடியாவின் மேசைக்கணினிப் பக்கங்கள் பல ஆண்டுகளாக இந்த அளவிலேயே உரையைக் காட்டிவந்தன. ஆங்கில எழுத்துகளுக்கு அந்த அளவு ஓரளவு போதுமானதாக இருந்ததால், அதை ஒரு குறையாக யாரும் பெரிதுபடுத்திப் பேசவில்லை.

‘வெக்டர் 2022’ என்ற பெயரில் வந்த புதிய தோற்றத்தைப் பற்றி எழுதப்பட்ட கருத்துகளில் பெரும்பாலானவை ஆங்கிலப் பக்கங்களைப் பார்த்து எழுதப்பட்டவை. அவற்றைப் படித்துவிட்டுத் தமிழ்க் கட்டுரைகளை அதே தோற்றத்தில் நாள்தோறும் பார்த்துவரும் எனக்கு, அங்கே சொல்லப்பட்ட புகழ்ச்சியும் குறையும் தமிழுக்கு அப்படியே பொருந்தவில்லை என்று தோன்றுகிறது. அவர்கள் கடிந்துகொண்ட சில மாற்றங்கள் நம் எழுத்துக்கு நன்மை செய்திருக்கின்றன; அவர்களிற் பலர் வரவேற்ற ஒரு மாற்றம் நம் எழுத்துக்கு நெருக்கடியாக அமைந்திருக்கிறது. இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியது இந்த வேறுபாடுதான்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004-இல் வந்த ‘மோனோபுக்’ தோற்றத்துக்குப் பதிலாக 2010-இல் ‘வெக்டர்’ வந்தது. அதற்குப் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக மேசைக்கணினித் தோற்றத்தில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2019-இல் புதிய வடிவமைப்புப் பணியைத் தொடங்கி, 2020 முதல் பிரெஞ்சு உள்ளிட்ட சில மொழிப் பதிப்புகளில் பகுதி பகுதியாகச் சோதித்து, 2023 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் அதை இயல்பான, அதாவது தேர்ந்தெடுக்காமலே வரும், தோற்றமாக்கியது. தமிழ் உள்ளிட்ட ஏனைய பெரும்பாலான பதிப்புகளிலும் இன்று இதுவே இயல்பான தோற்றம். 2003-இல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்ட தமிழ் விக்கிப்பீடியாவைப் போன்ற ஒரு கலைக்களஞ்சியத்துக்கு, பக்கத்தின் தோற்றம் மாறுவது சிறிய செய்தி அன்று. அச்சுக் கலைக்களஞ்சியத்தின் தாளும் எழுத்துருவும் பக்க அமைப்பும் ஒரே இரவில் மாறுவதற்கு அது ஒப்பாகும்.

மாற்றத்தைக் கண்டவர்களிடமிருந்து எழுந்த முதல் எதிர்ப்புக் குரல் வெற்றிடத்தைப் பற்றியது. பழைய தோற்றத்தில் திரை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு உரையும் விரியும். புதியதில் உரையின் அகலம் சுமார் 960 பிக்சலுக்குள் அடக்கப்பட்டது. 24 அங்குலத் திரை வைத்திருந்தவர்களின் கண்ணுக்கு முன்னால் கட்டுரை நடுவில் ஒடுங்கி நிற்க, இருபுறமும் வெண்மை பரந்து கிடந்தது. காசு கொடுத்து வாங்கிய பெரிய திரையில் பாதியை வீணாக்குவதா என்று பலர் கேட்டார்கள்; கைப்பேசிக்காகச் செய்த வடிவத்தைக் கணினியின் மேல் திணித்துவிட்டார்கள் என்றும் குறைபட்டார்கள். நீண்ட வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கண் திரும்பும்போது இடம் தவறிவிடும், ஆகவே வரிநீளத்துக்கு வரம்பு வேண்டும் என்பது வடிவமைத்தவர்கள் சொன்ன காரணம். அச்சுத் தொழிலில் நெடுங்காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்துதான் அது.

இந்த வழக்கில் நான் வடிவமைத்தவர்களின் பக்கம் நிற்கிறேன். ஆனால் தமிழைப் பொறுத்தவரை அவர்கள் சொன்ன காரணத்தோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 960 பிக்சல் அகலத்தில் ஆங்கில உரையை இட்டால் ஒரு வரியில் இருபது சொற்கள் அளவுக்கு இடம் கிடைக்கும். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டியே வருவதாலும், எழுத்துகள் அகலமானவை என்பதாலும், அதே அகலத்தில் பத்துச் சொற்கள் அளவுதான் அமைகின்றன. பத்துச் சொற்கள் கொண்ட வரி தமிழ் வாசகருக்கு மிக இதமானது. நம் நூல்களின் பக்கங்களிலும் ஒரு வரிக்கு ஏழெட்டுச் சொற்களே இருக்கின்றன. பழைய தோற்றத்தில் பெரிய திரை முழுவதும் பரவிய தமிழ் வரியில், ‘-ஆல்’, ‘-இலிருந்து’, ‘-ஆகிய’ என்று வால் நீண்ட சொற்களைக் கடந்து வினைமுற்றை அடைவதற்குள் எழுவாய் மறந்துவிடும். தமிழ்த் தொடரில் வினை கடைசியில் வருவதால் கண் நடுவில் நின்று இளைப்பாற முடிவதில்லை. வரியைக் குறுக்கியது அந்தக் களைப்பைக் கணிசமாகக் குறைத்திருக்கிறது என்றே சொல்வேன்.

தகவற்பெட்டி வரும் இடத்தில் மட்டும் நிலைமை மாறுகிறது. ஊர், நடிகர், தொகுதி, பறவை என எதைப் பற்றிய கட்டுரையானாலும் வலப்பக்கம் படமும் முக்கிய விவரங்களும் அடங்கிய ஒரு தகவற்பெட்டி நிற்கும். அது கால்பங்குக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, முன்னுரை வரிக்கு ஆறேழு சொற்களே மிஞ்சுகின்றன. நீண்ட சொல் ஒன்று வரியின் கடைசியில் அடங்காமல் அடுத்த வரிக்குத் தாவும்போது வரியின் வலப்பக்கம் பள்ளமும் மேடுமாகத் தெரிகிறது. அட்டவணைகளில் நெருக்கம் இன்னும் கூடுதல். சட்டமன்றத் தொகுதிகளைப் பற்றிய கட்டுரைகளில் ஆண்டு, வெற்றி பெற்றவர், கட்சி, வாக்குகள், விழுக்காடு, இரண்டாம் இடம் வந்தவர், அவர் கட்சி, அவர் பெற்ற வாக்குகள் என எட்டு ஒன்பது நெடுவரிசைகள் இருக்கும். ‘திராவிட முன்னேற்றக் கழகம்’ என்பது அந்தக் கட்டத்துக்குள் மூன்று வரிகளாக மடிந்துவிடும். இத்தகைய பக்கங்களுக்கு அகலமான தோற்றமே ஏற்றது. நல்லவேளையாக அதற்கு வழி இருக்கிறது. எதிர்ப்பு எழுந்ததனால்தான் அந்த வழியும் உறுதிப்பட்டது.

வெளியான தொடக்க நாட்களில் பக்கத்தின் வலப்புறக் கீழ் மூலையில் அகலத்தை மாற்றும் சிறு பொத்தான் ஒன்று இருந்தது. புகுபதிகை செய்யாத, அதாவது தன் கணக்குக்குள் நுழையாத, வாசகர் அதை அழுத்தினால் அந்தப் பக்கம் விரியும். அடுத்த கட்டுரைக்குப் போனதும் பழையபடி சுருங்கிவிடும். கணக்கு வைத்திராத வாசகர்களே விக்கிப்பீடியாவில் மிகப் பெரும்பான்மையினர் என்பதால் இந்தக் குறை பலமாகச் சுட்டிக்காட்டப்பட்டது. பிறகு அவர்களுடைய தேர்வும் நினைவில் வைக்கப்படும் வகையில் திருத்தப்பட்டது. ஆங்கில விக்கிப்பீடியாவில் இதைப் பற்றி நடந்த கலந்துரையாடல்கள் எழுத்துப்பூர்வமாக இன்றும் யாரும் படிக்கும்படி இருக்கின்றன. மாற்றம் வந்தபின் நடந்த கருத்துக்கோரலில் பழைய தோற்றத்துக்கே திரும்ப வேண்டும் என்றவர்களே எண்ணிக்கையில் கூடுதல். ஆனாலும் விக்கிப்பீடியா தலைகளை எண்ணி முடிவெடுப்பதில்லை. கருத்தொற்றுமை ஏற்படவில்லை என்று உரையாடல் முடிக்கப்பட்டுப் புதிய தோற்றம் நிலைத்தது. தோற்றவர்களின் மனக்குறை எனக்குப் புரிகிறது. அவர்கள் அவ்வளவு வலுவாகப் பேசியிராவிட்டால் அகலத் தேர்வு ஒரு மூலைப் பொத்தானாகவே நின்றிருக்கக்கூடும்.

அடுத்தது பொருளடக்கம். தமிழுக்கு இடர் தருவது என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். முன்பு பொருளடக்கம் கட்டுரைக்குள்ளேயே முன்னுரைக்குக் கீழே ஒரு பெட்டியாக இருந்தது. இப்போது அது இடப்பக்கம் நகர்ந்து, பக்கத்தை எவ்வளவு கீழே உருட்டினாலும் கூடவே வருகிறது. நாம் படித்துக்கொண்டிருக்கும் பகுதியின் தலைப்பு அங்கே தடித்துக் காட்டப்படுகிறது. நீண்ட கட்டுரையில் நடுவிலிருந்து வேறொரு பகுதிக்குத் தாவ மேலே ஓட வேண்டியதில்லை என்பதால் பலர் இதை வரவேற்றார்கள். பெட்டி இல்லாமற்போனதால் முன்னுரை முடிந்து கட்டுரை தொடங்குகிறது என்ற எல்லை தெரியவில்லை என்றும், தலைப்புகள் மிகுந்த கட்டுரைகளில் உட்தலைப்புகள் மடிந்து கிடப்பதால் கட்டுரையின் முழு அமைப்பையும் ஒரே பார்வையில் காண முடியவில்லை என்றும் வேறு சிலர் வருந்தினார்கள்.

தமிழில் அந்த இடப்பக்கப் பட்டையின் குறுகிய அகலமே முதற்சிக்கல். ‘மேற்கோள்கள்’ ஒரு வரியில் அடங்கிவிடும். ‘வெளி இணைப்புகள்’ அடங்கிவிடும். ‘பதினெண்கீழ்க்கணக்கு நூல்களின் காலமும் பாடுபொருளும்’ என்று ஒரு தலைப்பு இருக்குமானால் அது மூன்று நான்கு வரிகளாக மடியும். இப்படிப்பட்ட தலைப்புகள் பத்துச் சேர்ந்தால் பொருளடக்கமே திரையின் உயரத்தைத் தாண்டிவிடுகிறது. அதை உருட்ட ஒரு தனி உருள்பட்டை வருகிறது. எந்த வரி எந்தத் தலைப்பின் தொடர்ச்சி என்று பிரித்தறியத் தலைப்புகளுக்கு நடுவே போதிய இடைவெளியும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு தலைப்புக்குச் சராசரியாக இரண்டு மூன்று சிறு சொற்கள் போதும் என்ற கணக்கில் அமைந்த அகலம் இது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இன்னும் சற்று அகலம் தேவை. பொருளடக்கத்தை மறைத்துவிட்டால் அது கட்டுரைத் தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறு பொத்தானுக்குள் போய்விடும். தலைப்புகள் நீளமாக உள்ள கட்டுரைகளில் நான் அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன்.

தேடுபெட்டி மேலே நடுப்பகுதிக்கு வந்து பெரிதாகியிருக்கிறது. தட்டத் தட்டப் படத்தோடும் ஒருவரி விளக்கத்தோடும் பரிந்துரைகள் வருகின்றன. சோதனைக் காலத்தில் இதனால் தேடுதல்கள் சுமார் 30 விழுக்காடு கூடின என்று அறக்கட்டளை அறிவித்தது. ‘பாரதி’ என்று தட்டும்போது பாரதிதாசனும் பாரதிராஜாவும் அடுத்தடுத்து வரும் ஒரு மொழியில், பெயருக்குப் பக்கத்தில் முகமும் தெரிவது நல்ல உதவி. விளக்க வரி மட்டும் எல்லாவற்றுக்கும் இருப்பதில்லை. விக்கிப்பீடியாவின் துணைத்தளமான விக்கித்தரவில் யாரேனும் தமிழில் விளக்கம் எழுதியிருக்க வேண்டும். அது வடிவமைப்பின் குறையன்று, நாம் செய்ய வேண்டிய வேலை.

மொழிகளின் பட்டியலை நகர்த்தியது குறித்து எழுந்த எதிர்வினை என் மனத்தைத் தொட்டது. முன்பு இடப்பக்கத்தில் மொழிகளின் பெயர்கள் அவரவர் எழுத்தில் வரிசையாக இருக்கும். எந்த ஆங்கிலக் கட்டுரையைத் திறந்தாலும் அந்த வரிசையில் ‘தமிழ்’ என்ற சொல் தமிழெழுத்தில் நிற்பதைப் பார்க்கலாம். இந்தக் கட்டுரை நம் மொழியிலும் இருக்கிறது என்று அது கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது கட்டுரைத் தலைப்பின் வலப்பக்கம் இத்தனை மொழிகள் என்ற எண்ணோடு ஒரே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால்தான் பட்டியல் விரியும். பன்மொழித் தன்மையை மூடி வைத்துவிட்டார்கள் என்று சிலர் வருந்தியதில் நியாயம் உண்டு. அப்பொத்தானை அழுத்தத் தெரியாத வாசகருக்குத் தமிழ்ப் பதிப்பு ஒன்று உண்டு என்பதே தெரியாமற் போகலாம்.

தெரிந்தவருக்கோ புதிய முறை முன்னைவிட வசதியானது. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் கொண்ட பட்டியலில் கீழே கீழே தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. முன்பு நாம் தேர்ந்த மொழிகள் முதலிலேயே பரிந்துரைக்கப்படுகின்றன. மேலே உள்ள சிறு பெட்டியில் மொழியின் பெயரைத் தட்டியும் தேடலாம். இடப்பக்கத்தில் அடியில் கிடந்த ஒன்று தலைப்புக்கு நேராக வந்திருப்பதையும் மறுக்க முடியாது. எனக்கு ஓர் ஆசை உண்டு: வாசகரின் உலாவியில் தமிழ் விருப்பமொழியாக இருந்தால், பொத்தானின் மேல் எண்ணுக்குப் பதிலாகத் ‘தமிழ்’ என்றே எழுதிக் காட்டலாம். அந்த ஒரு சொல்லைப் பார்த்து எத்தனையோ பேர் இப்பக்கம் வருவார்கள்.

இனி எழுத்தளவு. 2024-இல் இருள் தோற்றத்தோடு சேர்ந்து வலப்பக்கத்தில் ‘தோற்றம்’ என்ற பட்டி வந்தது. அதில் உரைக்குச் சிறியது, இயல்பு, பெரியது என மூன்று அளவுகளும், அகலத்துக்கு இரண்டு தேர்வுகளும், நிறத்துக்கு ஒளி, இருள், தானியக்கம் என்ற தேர்வுகளும் உள்ளன. சிறியது 14 பிக்சல், இயல்பு 16 பிக்சல், பெரியது 20 பிக்சல். கணக்கு இல்லாமலே இவற்றை மாற்றலாம். நெடுநாளாகத் தொகுத்துவரும் ஆங்கிலப் பயனர்கள் பலர் ஒரே பார்வையில் நிறைய உரை தெரிய வேண்டும் என்பதற்காகச் சிறிய அளவையே விரும்பினார்கள். தமிழுக்கு இந்தப் பட்டியைப் போல் நன்மை செய்த வேறொன்று இப்புதிய தோற்றத்தில் இல்லை.

மதுரையில் இருக்கும் என் பெரியம்மா தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிற்பகலில் மகனுடைய பழைய மேசைக்கணினியின் முன் அமர்ந்து விக்கிப்பீடியாவில் சங்க இலக்கியக் கட்டுரைகளைப் படிப்பதும், பிழை கண்டால் ஒரு நோட்டில் குறித்துவைத்து என்னிடம் சொல்லித் திருத்தச் செய்வதும் அவர் வழக்கம். திரைக்கு ஒரு சாண் தொலைவில் முகத்தைக் கொண்டுபோய்த்தான் படிப்பார். சென்ற ஆண்டு போயிருந்தபோது ‘தோற்றம்’ பட்டியைத் திறந்து ‘பெரியது’ என்பதைத் தேர்ந்து கொடுத்தேன். பக்கம் மாறியதும் அவர் நாற்காலியில் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். “இப்பத்தான் சுழியெல்லாம் தனித்தனியாத் தெரியுதுடா. இத முன்னாடியே செஞ்சு குடுத்திருக்கக் கூடாதா?” என்றார். உலாவியின் உருப்பெருக்கத்தைக் கூட்டினால் ஆகாதா என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் பட்டைகளும் படங்களும் எல்லாமே பெருத்துப் பக்கம் சிதறிவிடும். இங்கே உரை மட்டும் வளர்கிறது. மற்றவை இருந்த இடத்தில் இருக்கின்றன. மேல்விலங்கும் புள்ளியும் சுழியும் கொண்ட நம் எழுத்துக்கு அந்தச் சில பிக்சல் கூடுதல் என்பது, ‘கி’யையும் ‘கீ’யையும் ஐயமின்றிப் பிரித்துக் காட்டும் இடமாகும்.

இருள் தோற்றம் இரவில் படிப்பவர்களுக்கு இதமாக இருக்கிறது. பல கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் பயன்படும் அச்சுகளான வார்ப்புருக்களிலும் அட்டவணைகளிலும் பின்னணி நிறத்தை நேரடியாக எழுதி, எழுத்தின் நிறத்தை எழுதாமல் விட்டிருந்தால், வெளிர் நிறத்தின் மேல் வெளிர் எழுத்தாகத் தோன்றிப் படிக்க முடியாமற்போகும். இது எல்லா மொழிப் பதிப்புகளிலும் எழுந்த சிக்கல். வார்ப்புருக்களைத் தேடித் தேடித் திருத்திய தன்னார்வலர்களின் உழைப்பால்தான் தீர்ந்துவருகிறது.

பேச்சுப் பக்கங்களில் வந்த மாற்றம் ‘வெக்டர் 2022’-இன் பகுதியாக வந்ததன்று. ஆனால் அதே ஆண்டுகளில் வந்தது என்பதால் பயன்படுத்துவோர் இரண்டையும் சேர்த்தே அனுபவித்தார்கள். கட்டுரை எழுதுவோர் கூடிப் பேசும் பொதுப்பக்கத்துக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் ‘ஆலமரத்தடி’ என்று பெயர். ஊர்க்கூட்டத்துக்கு உரிய அந்த அழகான பெயரைக் கேட்டு உள்ளே வரும் புதியவர், முன்பெல்லாம் ஒரு மறுமொழி எழுதுவதற்குப் பக்கத்தின் நிரலைத் திறந்து, முந்தையவர் எழுதிய வரியைக் கண்டுபிடித்து, உள்தள்ளலுக்காக எத்தனை முக்காற்புள்ளி இடுவது என்று எண்ணி, முடிவில் கையொப்பத்துக்காக நான்கு அலைக்குறிகளை மறவாமல் இட வேண்டியிருந்தது. ஒன்றை மறந்தாலும் யார் சொன்னது, யாருக்குச் சொன்னது என்பது குழம்பிப்போகும். இப்போது ஒவ்வொரு கருத்தின் முடிவிலும் ‘பதிலளி’ என்ற இணைப்பு இருக்கிறது. அழுத்தினால் அங்கேயே ஒரு பெட்டி திறக்கிறது. எழுதி அனுப்பினால் உள்தள்ளலும் கையொப்பமும் தாமாக வந்துவிடுகின்றன. ஒரு தலைப்பை மட்டும் பின்தொடர்ந்து, அதில் யாரேனும் எழுதினால் அறிவிப்புப் பெறவும் முடிகிறது. பழகியவர்கள் பழைய முறையிலேயே தொகுப்பதற்கும் தடையில்லை. வந்த மாற்றங்களில் மிகக் குறைந்த எதிர்ப்பைச் சந்தித்தவற்றுள் இது ஒன்று என்பதில் வியப்பில்லை. ஏற்கெனவே இருந்த எதையும் பறிக்காமல் ஒரு சுமையை மட்டும் இறக்கிவைத்தது.

பக்கத்தை உருட்டும்போது மேலேயே ஒட்டி நிற்கும் தலைப்பட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொகுப்பவர்களுக்கு அது உதவும். வெளியான காலத்தில் புகுபதிகை செய்தவர்களுக்கு மட்டுமே தோன்றும்படி அமைத்திருந்தார்கள், அதுவும் சரியே.

பழைய தோற்றமே வேண்டும் என்பவர்களுக்கு இன்றும் அது கிடைக்கிறது. கணக்குத் தொடங்கிப் புகுபதிகை செய்து, விருப்பத்தேர்வுகளில் தோற்றம் என்ற பிரிவில் 2010-இன் வெக்டரையோ அதற்கும் முந்தைய மோனோபுக்கையோ தேர்ந்துகொள்ளலாம். பெரிய நிறுவனங்களின் தளங்களில் பழைய வடிவம் இப்படிக் காப்பாற்றி வைக்கப்படுவது மிக அரிது. ஆனால் கணக்கில்லாத வாசகருக்கு இந்த வழி மூடியிருப்பதை நான் ஏற்கவில்லை. அகலமும் எழுத்தளவும் அவர்களுக்கு நினைவில் வைக்கப்படும்போது, தோற்றத்தையும் வைக்கலாம்.

தமிழ்க் கட்டுரைகளைப் படிக்க நான் இப்போது வைத்திருக்கும் அமைப்பைச் சொல்கிறேன்: உரை ‘பெரியது’, அகலம் இயல்பு, பொருளடக்கம் தலைப்புக்குப் பக்கத்துப் பொத்தானுக்குள், தேர்தல் அட்டவணைகள் வரும் கட்டுரைகளில் மட்டும் அகலத் தோற்றம். பொருளடக்கப் பட்டையின் அகலத்தை வாசகரே இழுத்துக் கூட்டிக்கொள்ளும் வசதி வருமானால் அதை மறுபடியும் இடப்பக்கத்துக்கே கொண்டுவந்துவிடுவேன். இந்தக் கோரிக்கையை ஆலமரத்தடியில் எழுதி வைக்க எண்ணியிருக்கிறேன். தமிழ்த் தலைப்புகள் அந்தப் பட்டையில் எப்படி மடிகின்றன என்று காட்டும் திரைப்பிடிப்புகளை நீங்களும் அங்கே சேர்த்தால், தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கும் சிக்கல் கண்முன் தெரியும்.